மாவுக்கு அடியில்

ஃபிரிட்ஜைத் திறந்த எழில்மொழி அப்படியே நின்றுவிட்டாள்.

தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்பு டப்பாக்கள். மேலே ஏதோ வெளிநாட்டு எழுத்து. அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அதே மாதிரி டப்பாக்களை வைக்கோல் போருக்குள்ளிருந்தும் மோட்டார் கொட்டகையிலிருந்தும் எத்தனையோ முறை தேடி எடுத்திருக்கிறாள்.

"கயல்! இங்க வா."

கொல்லைப்பக்கம் காளானைத் துடைத்துக்கொண்டிருந்த கயல்விழி, அண்ணியின் குரலைக் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"இது என்னது?"

"பீர் அண்ணி. சமையலுக்கு. அங்கேருந்து வரும்போதே கொண்டுவந்தேன். பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. இப்பதான் குளிர வச்சேன்."

"இந்த வீட்டுக்குள்ளயா?"

 எழில்மொழி கேட்டது கேள்வி இல்லை.

அயர்லாந்தில் ஆறு வருடம் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அண்ணன் வீட்டுக்குக் கயல்விழி திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மா நீலாம்பாள் இறந்தபோது அவளால் வர முடியவில்லை. அண்ணன் சேரன் கொள்ளி வைத்ததைச் செல்போனில்தான் பார்த்தாள். அதன் பிறகு சேரன் குடித்த குடி ஊருக்கே தெரியும். போன வருடம் மாசியில் திடீரென்று நிறுத்தினான். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. ஆனால் தங்கையிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

"நாளைக்கு தாராசுரத்துல அந்த ரிசார்ட் ஓனர் விஸ்வா முன்னாடி சமைச்சுக் காட்டணும் அண்ணி. வெளிநாட்டுக்காரங்க நிறைய தங்குற இடம். அயர்லாந்துல நான் பண்ணின, மேல மாவு மூடிச் சுடுற கறி பைதான் வேணும்னு கேட்டாரு. ஆறு வருஷம் கழிச்சு நம்ம ஊரு ஆட்டுக்கறியில, நம்ம ஊரு மாவுல பண்ணப் போறேன். இன்னைக்கு ஒரு தடவ பண்ணிப் பாத்துட்டா தைரியமா இருக்கும்."

"அதுக்கு இது இல்லாம பண்ண முடியாதா?"

"அதுலதான் அந்த ருசியே இருக்கு."

எழில்மொழி ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அவள் கால் நகரவில்லை.

"சரி, பண்ணு. கொல்லைக் கொட்டகையில வச்சுப் பண்ணு. அவரு வயல்லேருந்து வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும். அவரு வாயில மட்டும் இது படக்கூடாது. ஒரு வாய் கூட. சத்தியம் பண்ணு."

"அண்ணி, கொதிச்சா அதுல போதையே இருக்காது..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சத்தியம் பண்ணு கயல்."

அண்ணியின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். ஒரு டப்பா பீருக்கு இத்தனை பயமா என்று கயல்விழிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கொல்லைக் கொட்டகையில் அடுப்பு எரிந்தது. மைதாவில் புரட்டிய கறித் துண்டுகளை வெண்ணெயில் சிவக்க வறுத்தாள். வெங்காயம், பூண்டு, கேரட், காளான். அங்கே போடும் பச்சிலை இங்கே கிடைக்காது. வேலியோரம் இருந்த ஓமவல்லியில் நான்கு இலையைக் கிள்ளிப் போட்டாள். வாசனை ஒத்துப்போனது.

டப்பாவை உடைத்து ஊற்றியதும் கறி மேல் பழுப்பு நுரை பொங்கியது. காபியும் கருகிய வெல்லமும் கலந்த மாதிரி ஒரு கசப்பு வாசம் கொட்டகை முழுக்க நிறைந்தது.

இரும்புச் சட்டியில் மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டிய பதார்த்தம் அது. நேரமில்லை. எல்லாவற்றையும் குக்கரில் தள்ளி மூடினாள். விசில் அடங்கியதும் திறந்து ருசி பார்த்தாள். கறி பஞ்சாக வெந்திருந்தது. குழம்பில்தான் அந்தக் கசப்பின் முனை மழுங்கிவிட்டது. இரண்டாவது டப்பாவையும் உடைத்து, பாதியை அப்படியே ஊற்றிக் கலந்தாள்.

ஃபிரிட்ஜில் இறுகியிருந்த மைதா உருண்டையைப் பூரிக்கட்டையால் தேய்த்து, பீங்கான் தட்டில் நிரப்பிய கறி மேல் போர்வை மாதிரி போர்த்தினாள். ஓரத்தை சோமாஸ் மடிப்பது போல மடித்து அழுத்தினாள். முட்டை தடவி, நடுவில் ஆவி போக ஒரு கீறல் போட்டு, கொட்டகை மூலையில் வாங்கி வைத்திருந்த சின்ன மின்சார ஓவனுக்குள் வைத்தாள்.

மேல் மாவு பொன்னிறமாக எழும்பி வந்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. இந்தக் கொட்டகையில், இந்த மண் தரையில், அது அங்கே வந்ததை விட நன்றாக வந்திருந்தது.

தட்டை எடுத்து வெளியே வைத்தபோது பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"என்ன வாசம் இது? தெரு முனை வரைக்கும் வருது."

சேரன். முழங்கால் வரை வைக்கோல் தூசி.

கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே... அதுக்குள்ளயா வந்துட்டீங்க?"

"அறுவடை மெஷின் பெல்ட் அறுந்து போச்சு. கும்பகோணத்துலேருந்து ஆள் வந்து மாட்டணும். அதுவரைக்கும் வயல்ல நின்னு என்ன பண்றது?" குழாயடியில் கைகால் கழுவியபடியே எட்டிப் பார்த்தான். "இதுதான் நீ சொன்ன பையா? பைன்னா தூக்கிட்டுப் போறதுன்னு இல்ல நெனச்சேன்."

கயல்விழி சிரித்தாள். அண்ணன் அவளிடம் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி எவ்வளவு காலம் ஆயிற்று!

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவன், கொட்டகையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சாப்பிடலாமா?"

அந்த ஒரு நொடியில் அவள் எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆறவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இதில் பீர் இருக்கிறது அண்ணே என்று உள்ளதையே சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்தாள். எழுந்து போய்விடுவான். மறுபடி ஒரு மாதம் பேசமாட்டான்.

கொதித்ததுதானே? அதில் என்ன இருக்கப்போகிறது?

பாதியை ஒரு சாப்பாட்டுத் தட்டில் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பீர் டப்பாக்களைக் காலால் விறகுக்குப் பின்னால் தள்ளினாள்.

சேரன் மேல் மாவை விரலால் உடைத்தான். நொறுங்கியது. உள்ளிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. கறியை மாவோடு சேர்த்துப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். பிறகு பேசாமல் சாப்பிட்டான். தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் வை" என்றான்.

இரண்டாவது தடவை பாதி சாப்பிட்டபின்தான் நிமிர்ந்தான்.

"அம்மா சாவுக்கு நீ வரலைன்னு உம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவம் இருந்துச்சு. அதைச் சொல்லிக்கிட்டேதான் குடிச்சேன். அப்புறம் பாத்தா அது ஒரு சாக்கு. நீ வந்திருந்தாலும் குடிச்சிருப்பேன்." குழம்பை வழித்து நக்கினான். "ஞாயித்துக்கிழமை கும்பகோணத்துல எங்க கூட்டம் இருக்கு. குடியை விட்டவங்க கூட்டம். ஒரு வருஷம் முடிச்சவனை எழுப்பி நிக்க வச்சுப் பேசச் சொல்லுவாங்க. நீயும் வா. மருந்து இல்ல, மாத்திரை இல்ல. நானா விட்டேன் கயலு. அதை நீ கேக்கணும்."

"வர்றேன் அண்ணே."



கை கழுவ எழுந்த சேரன், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெயிலா என்னன்னு தெரியல. காதெல்லாம் எரியுது."

"உக்காருங்க அண்ணே. தண்ணி தர்றேன்."

"நெஞ்சு அடிக்குது கயலு. பட பட பட-ன்னு..."

செம்பில் தண்ணீரோடு திரும்பியவள் அவன் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. வேர்வை கொட்டியது. குனிந்தவன் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான். அப்படியே சுவரோடு சரிந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் எழில்மொழி கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கயல்விழி வசவை எதிர்பார்த்தாள். எழில்மொழி வையவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கணவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் வாயை முகர்ந்தாள்.

"குடிச்சீங்களா? என்னங்க, சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"இல்ல எழிலு..." என்றான் அவன். மூச்சு வாங்கியது.

"பொய் சொல்லாதீங்க! எவ்வளவு குடிச்சீங்க? எப்ப குடிச்சீங்க?"

கயல்விழி வாயைத் திறப்பதற்குள் எழில்மொழி தெருவைப் பார்த்து அலறினாள். "சாமிதுரை! வண்டிய எடுப்பா! சீக்கிரம் எடு!"

பக்கத்து வீட்டுச் சாமிதுரையின் லோடு ஆட்டோ, நெல் மூட்டையை இறக்கிவிட்டு அப்போதுதான் நின்றிருந்தது. சாக்கு விரிப்பின் மேல் சேரனைப் படுக்க வைத்தார்கள். வண்டி வாய்க்கால் கரை மேல் குதித்துக் குதித்து ஓடியது. எழில்மொழி அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"கண்ணத் தொறங்க. தூங்காதீங்க. என்னைப் பாருங்க."

பிறகு தனக்குத்தானே சொல்வது போல முணுமுணுத்தாள். "கொன்னுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

கயல்விழிக்கு விளங்கவில்லை. தப்பு செய்தது நான். அண்ணி ஏன் இப்படிச் சொல்கிறாள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கமருன்னிஸா பணியில் இருந்தார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்து, மறுபடி பார்த்து, டாக்டர் காதில் ஏதோ சொன்னாள். ஆக்சிஜன் மாட்டினார்கள். கையில் ஊசி ஏறியது, குளுக்கோஸ் தொங்கியது. இரண்டு பெண்களையும் திரைக்கு வெளியே அழைத்து வந்தார் டாக்டர்.

"பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. என்ன சாப்பிட்டாரு? குடிச்சாரா?"

"குடிச்சிருக்காரு டாக்டர்" என்றாள் எழில்மொழி.

"இல்ல டாக்டர்." கயல்விழி முன்னால் வந்தாள். "அண்ணன் குடிக்கல. நான் கறியில பீர் ஊத்திச் சமைச்சேன். அவருகிட்ட சொல்லாம குடுத்துட்டேன்."

எழில்மொழி திரும்பினாள். கயல்விழியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"காலையில என்னடி சொன்ன எங்கிட்ட? கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியே!"

"கொதிச்சா போயிடும்னு நெனச்சேன் அண்ணி..."

"எப்படிச் சமைச்சீங்க?" என்று குறுக்கிட்டார் டாக்டர்.

"குக்கர்ல. கடைசியா கொஞ்சம் பச்சையாவும் ஊத்தினேன்."

"மூடி வச்சு வேக வச்சா ஆவி எங்க போகும்? பச்சையா வேற ஊத்தியிருக்கீங்க. அது இருக்கட்டும். ஆனா குழம்புல கலந்த அளவுக்கு ஒரு ஆள் இப்படி விழ மாட்டாரு. வேற ஏதோ இருக்கு." டாக்டரின் பார்வை எழில்மொழி மேல் நின்றது. "குடியை நிறுத்த ஏதாவது மாத்திரை சாப்பிடுறாராம்மா?"

"இல்ல டாக்டர்" என்றாள் கயல்விழி. "அண்ணன் எந்த மருந்தும் இல்லாம..."

"நீங்க சொல்லுங்கம்மா."

எழில்மொழி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவரு சாப்பிடுறாரு. அவருக்குத்தான் தெரியாது."

 உள்ளே மெஷின் கிண் கிண் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"தினமும் காலையில பொடிச்சு கேழ்வரகுக் கஞ்சியில கலந்து குடுத்துடுவேன். தஞ்சாவூர்ல ஒரு டாக்டர்தான் எழுதிக் குடுத்தாரு. அவருகிட்ட சொல்லி, அவரு சம்மதிச்சாத்தான் குடுக்கணும்னு சொன்னாரு. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். சொல்லல. சொன்னா சாப்பிட மாட்டாரு. மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா உயிருக்கே ஆபத்துன்னும் சொன்னாரு. அதையும் கேட்டுட்டுத்தான் குடுத்தேன்."

"எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா இது?" டாக்டர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது அதிகமாக உறைத்தது. "அவருக்கே தெரியாம அவரு உடம்புல ஒரு கண்ணிவெடியைப் புதைச்சு வச்ச மாதிரி. சரி, இப்ப சொன்னதாவது நல்லதாப் போச்சு. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியுது." திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வராந்தா பெஞ்சில் நாத்தனாரும் அண்ணியும் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். கயல்விழியின் போன் அடித்தது. விஸ்வா. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி அடித்தது. அணைத்துப் போட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஆபத்து இல்லை, இன்று இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். இருவரும் உள்ளே போனபோது சேரன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு என்ன ஆச்சு டாக்டர்? நெஞ்சு வலியா?"

டாக்டர் எழில்மொழியைப் பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

எழில்மொழியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, அழவும் இல்லை. அவள் முடித்ததும் கயல்விழி தன் பங்கைச் சொன்னாள்.

சேரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் ஊருக்குப் போனாக்கூட பாட்டில்ல கஞ்சி ஊத்திக் குடுத்து அனுப்புவியே. அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"எம்பொண்டாட்டி எம்மேல வச்ச பிரியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

எழில்மொழியின் உதடு துடித்தது. "பிரியம் இல்லாமயா குடுத்தேன்? போன வருஷம் வாய்க்கால்ல குப்புறக் கிடந்தீங்க. உங்க தலைமுடியப் பிடிச்சு இழுத்து மூஞ்சிய தண்ணிக்கு மேல தூக்கினவ நானு. மறுநாள் விட்டுட்டேன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடியும் பல தடவ சொன்னீங்க. எதை நம்பச் சொல்றீங்க?"

"ஒரு வருஷம் ஆச்சே எழிலு. ஒரு நாள் கூடவா நம்பிக்கை வரல?"



டாக்டர் மெல்லக் குறுக்கிட்டார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த மாத்திரை ஆசையை நிறுத்தாது. குடிச்சாத்தான் வேலை செய்யும். இந்த ஒரு வருஷத்துல நீங்க ஒரு தடவ குடிச்சிருந்தாலும் அன்னைக்கே இங்க வந்திருப்பீங்க. வரல. மாத்திரை இருக்குங்கறதே உங்களுக்குத் தெரியாது. அப்ப, குடியை விட்டது நீங்கதான்."

கயல்விழி நிமிர்ந்தாள். "பாத்தீங்களா அண்ணே? நீங்க சொன்னது நிசம்தான்."

"அது டாக்டருக்குத் தெரியுது. உனக்கும் தெரியுது." சேரன் கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு பேசும்போது எனக்குத் தெரியணுமே." பிறகு டாக்டரிடம் கேட்டான், "இந்த மாத்திரை உடம்பைவிட்டுப் போக எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டு படக்கூடாது. அப்புறம் மாத்திரையைத் தொடர்றதா வேணாமாங்கறது நீங்க எடுக்க வேண்டிய முடிவு. வேற யாரும் எடுக்க முடியாது."

"வேணாம் டாக்டர். இனிமே வேணாம்."

எழில்மொழி வாயைத் திறந்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சேரன் மனைவியை அருகில் கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது.

"கொட்டகையில நான் விழுந்து கிடந்தப்ப, இல்லன்னு சொன்னேன். பொய் சொல்லாதீங்கன்னு சொன்ன. நிசமாவே குடிச்சிட்டேன்னுதான் நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம் அவள். இன்றைக்கு இனி ஒரு பொய்யை அவளால் தாங்க முடியாது.

"ஆமாங்க."

அவன் தலையை ஆட்டினான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஏதாவது லேசா குடுங்கம்மா. வயிறு காலியா இருக்கு" என்றாள். கயல்விழி எழுந்தாள். போகவில்லை. தன் கையால் எதையும் கொண்டுவந்து கொடுக்க அவளுக்குத் துணிவில்லை. எழில்மொழிதான் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பாலும் பன்னும் வாங்கி வந்தாள். பாலை ஆற்றி அவனிடம் நீட்டினாள்.

சேரன் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை நீளவில்லை.

வார்த்தையாக அவன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது. பதினோரு வருடம் அவள் கையால் சாப்பிட்டவன் அவன்.

எழில்மொழி டம்ளரைத் தன் வாய்க்கு எடுத்துச் சென்றாள். அவன் பார்க்க ஒரு மடக்குக் குடித்தாள். உதட்டைத் துடைக்காமல் மறுபடி அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றான். "நான் குடிச்சுக்கறேன்."

அவர்கள் போகவில்லை. அவனும் குடிக்கவில்லை. பாலில் ஆடை படியத் தொடங்கியது.